பெரிய தெரேசம்மாளும் பவுலடியாரின் கட்டளையும்

சபையில் பெண்கள் பேசலாகாது. கற்பிக்கும் பொறுப்பு அவர்களுக்கு உரியதன்று. அவர்கள் அமைதியாயிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பவுலடியாரின் பெயரால் வழங்கும் இக்கட்டளையை அறியாத கிறிஸ்தவர் நம்மிடையே இலர். கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்திலும், திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 2-ஆம் அதிகாரத்திலும் அது இருக்கிறது. அத்திருமுகங்களின் மற்றப் பகுதிகளை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்திராதவர்கூட இவ்விரண்டு இடங்களை மட்டும் நன்றாக நினைவில் வைத்திருப்பது விந்தையே. பங்குப் பேரவையில் பெண்களுக்கு எத்தனை இடம் என்ற பேச்சு எழும்போதும், வாசகம் படிக்க ஒரு பெண் முன்வரும்போதும், யாரேனும் ஒருவர் எழுந்து இதனை எடுத்து வைப்பதை நாம் கேட்டிருக்கிறோம்.

இக்கட்டளை திருச்சபையின் வரலாற்றில் எவ்வாறு கையாளப்பட்டது, பிறகு என்ன ஆயிற்று என்பதை ஒரே ஒரு பெண்ணின் வாழ்வைக் கொண்டு பார்க்க விழைகிறோம். அவர், நம் முன்னோர் ‘பெரிய தெரேசம்மாள்’ என்று அழைத்த அவிலா நகரப் புனித தெரேசா. லிசியே நகரத்துக் குழந்தை தெரேசம்மாளிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்காக இட்ட அடைமொழி அது. கையில் இறகுப் பேனாவும் தலைக்கு மேல் புறாவுமாக வரையப்பட்ட அவருடைய படம் நம் வீடுகள் பலவற்றிற்குப் புதியதன்று. அந்தப் பேனாவை அவர் பிடித்ததே குற்றம் என்று அவர் காலத்தில் கருதப்பட்டதையும், அக்குற்றத்துக்குச் சான்றாகப் பவுலடியாரே அழைக்கப்பட்டதையும் அறிந்தோர் சிலராகவே இருப்பர்.

முதலில் பவுலடியாரிடமே செல்வோம். அதே கொரிந்தியர் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில், இறைவேண்டல் செய்யும் பெண்ணும் இறைவாக்கு உரைக்கும் பெண்ணும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவர் விதிக்கிறார். வாய் திறவாமல் இறைவாக்கு உரைக்க ஒருவராலும் இயலாது. சபை கூடிய இடத்தில் பெண்கள் பேசினர். அவர் அதனை ஒழுங்குபடுத்தினார் என்பது அங்கே வெளிப்படை. மூன்று அதிகாரங்கள் கழித்துப் பேசவே கூடாது என்ற விதி வருகிறது. இரண்டையும் பொருத்திக் காட்ட அறிஞர் பெரிதும் முயன்றிருக்கின்றனர். வழிபாட்டின் நடுவே கேள்வி எழுப்பிக் குழப்பம் விளைவித்தோரை மட்டுமே பவுலடியார் குறித்தார் என்பர் சிலர். பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் அவ்வசனங்கள் இடம் மாறி அதிகாரத்தின் இறுதியில் நிற்பதைச் சுட்டி, அவை பின்னர் சேர்ந்தவையாகலாம் என்பர் வேறு சிலர். அவ்வாதத்தை இங்கே நாம் தீர்க்க வேண்டியதில்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில் கெங்கிரேயா சபையின் திருத்தொண்டரான பெபேயாவை அதே பவுலடியார் மதிப்புடன் பரிந்துரைக்கிறார் என்பதையும், நாவன்மை மிக்க அப்பொல்லோவைத் தம்மிடம் அழைத்து இறைநெறியைத் திருத்தமாக விளக்கிய தம்பதியருள் மனைவி பிரிஸ்கில்லாவின் பெயரையே திருத்தூதர் பணிகள் நூல் அவ்விடத்தில் முதலில் வைக்கிறது என்பதையும் நினைவில் கொண்டால் போதும். மறைநூலில் இரு குரல்களும் இருக்கின்றன.

பின்வந்த நூற்றாண்டுகள் ஒரு குரலையே பெரிதும் கேட்டன. 13-ஆம் நூற்றாண்டில் அக்குவினா தோமையார் தம் இறையியல் தொகுப்பில் இதனை ஒரு வினாவாகவே எழுப்புகிறார். ஞானத்தையும் அறிவையும் சொல்லால் வழங்கும் அருள்வரம் பெண்களுக்கும் உண்டா? உண்டு என்கிறார் அவர். ஆனால் தனிப்பட்ட உரையாடலில் அதனைப் பயன்படுத்தலாம், சபை முழுவதையும் நோக்கிப் பொதுவில் பயன்படுத்தலாகாது என்று வரம்பு கட்டுகிறார். பெண் ஆணுக்குக் கீழ்ப்பட்டவள். அவள் பேசினால் கேட்போர் மனம் இச்சைக்கு ஆளாகும். பொதுவாகப் பெண்கள் ஞானத்தில் முழுமை பெறுவதில்லை என்பன அவர் காட்டும் காரணங்கள். அந்த மாமேதையிடம் நமக்குள்ள மதிப்புக் குன்றாமலே ஒன்று சொல்லலாம். கடைசிக் காரணம், பள்ளியின் கதவைச் சாத்திவிட்டுப் படித்தவர் யாரும் இல்லை என்று குறை கூறுவதை ஒத்தது. அதே நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை எட்டாம் போனிப்பாசு, எல்லாச் சபைகளையும் சேர்ந்த கன்னியரும் மடத்துக்குள்ளேயே அடைபட்டு வாழ வேண்டும் என்று ஆணையிட்டார். அம்புரோசியார், அகுஸ்தினார், எரோணிமுஸ், பெரிய கிரகோரியார் ஆகிய நால்வரையும் திருச்சபையின் பெரும் மறைவல்லுநராகச் சிறப்பித்ததும் அதே திருத்தந்தைதாம்.

இந்த உலகில் 1515-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் தெரேசா பிறந்தார். தந்தை வழிப் பாட்டனார் தொலேதோ நகரத்தில் யூத மறையிலிருந்து மனந்திரும்பிய வணிகர். பழைய மறையை மறைவில் கைக்கொண்டார் என்பதற்காக 1485-இல் சமய விசாரணை மன்றம் அவருக்குப் பொதுத் தண்டனை விதித்தது. குடும்பம் அவிலாவுக்குப் பெயர்ந்து அந்த நினைவை மூடி மறைத்தது. தாய் பெயாத்ரிஸ் வீர சாகசக் கதைகளை விரும்பிப் படிப்பவர். கணவருக்கு அது பிடிக்காது. எனவே அவருக்குத் தெரியாமல் தாயும் பிள்ளைகளும் படித்தனர். இதனைத் தெரேசா தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு குறைபோல எழுதுகிறார். நமக்கோ, பிற்காலத்தில் அவ்வளவு உயிரோட்டமான நடையில் எழுதிய கை எங்கே பழகிற்று என்பதை அது காட்டுகிறது. பெண் என்பதால் இலத்தீன் கற்பிக்கப்படவில்லை. இருபது வயதில், 1535-இல், அவிலாவின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்.

அவர் எழுதத் தொடங்கிய காலம் எப்படிப்பட்டது என்பதை உணராவிட்டால் அவரை எதிர்த்தோர்க்கு நாம் நீதி செய்தவராக மாட்டோம். வெளிச்சடங்குகளைப் புறக்கணித்து உள்ளொளி ஒன்றையே நாடுவதாகச் சொல்லிக்கொண்ட ‘ஒளி பெற்றோர்’ என்னும் குழுவினரை 1525-இல் தொலேதோவில் வெளியான ஆணை கண்டித்திருந்தது. அவர்களுள் முன்னணியில் நின்றோர் சிலர் பெண்கள். கொர்தோபா நகரத்து மடத்தலைவி மக்தலேனா என்பவரை அரச குடும்பத்தினரும் ஆயர்களும் உயிருடன் இருக்கும் புனிதை என்று போற்றினர். அவருடைய காட்சிகளும் ஐந்து காய அடையாளங்களும் வெறும் ஏமாற்று என்பது பின்னர் வெளிப்பட்டு, 1546-இல் அவர் தண்டிக்கப்பட்டார். நாடே தலைகுனிந்தது. அடுத்து ஒரு கன்னியர் ‘ஆண்டவர் என்னுடன் பேசுகிறார்’ என்று சொன்னால் ஆன்மகுருக்கள் அஞ்சியதில் வியப்பென்ன? தெரேசாவும் அஞ்சினார். தம் உள்ளத்தில் நிகழ்ந்தவை கடவுளிடமிருந்து வந்தவையா, அலகையிடமிருந்து வந்தவையா என்று தெளிய, கற்றறிந்தவர்களை ஒருவர் மாற்றி ஒருவராகத் தேடிச் சென்றார். பக்தியுள்ள அரைகுறை அறிஞரைக் காட்டிலும் நன்கு கற்றவரே ஆன்மாவுக்குப் பாதுகாப்பு என்பது அவர் இறுதிவரை மாற்றிக்கொள்ளாத கருத்து.

1559-இல் தலைமை விசாரணை அதிபர் வால்தேஸ் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். காஸ்டில் மொழியில் இருந்த ஞான நூல்கள் பல அதில் இடம்பெற்றன. இலத்தீன் கற்றவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. தாய்மொழி ஒன்றையே அறிந்த பெண்களுக்கும் எளிய மக்களுக்கும் அது பசித்தவன் இலையை எடுத்ததற்குச் சமம். தெரேசா மிகவும் வருந்தினார். அப்போது ஆண்டவர், கவலைப்படாதே, உயிருள்ள நூல் ஒன்றை உனக்குத் தருவேன் என்று தமக்கு உணர்த்தியதாக அவர் குறிப்பிடுகிறார். அதன்பின் அவரே தம் கன்னியர்க்காக நூல்கள் எழுதினார். 1562 ஆகஸ்ட் 24 அன்று நான்கு பெண்களுடன் புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்கினார். நகரவை வெகுண்டெழுந்து வழக்குத் தொடுத்தது. நிலையான வருவாய் இல்லாத இன்னொரு மடத்தை நகரம் தாங்காது என்பது அவர்கள் வாதம். அம்மடம் நிலைத்தது. அதிலிருந்து இருபது ஆண்டுகளில், சேறும் வெள்ளமும் நிறைந்த பாதைகளில் மூடுவண்டியில் பயணம் செய்து, மொத்தம் 17 மடங்களை அவர் நிறுவினார்.

அவருடைய நூல்கள் பட்ட பாட்டைத் தனியே சொல்ல வேண்டும். சொந்த வாழ்க்கையை அவர் எழுதிய ஏட்டைச் சமய விசாரணை மன்றம் வாங்கி வைத்துக்கொண்டது. அதனை ஆராய்ந்த சாமிநாதர் சபை இறையியலார் பாஞேஸ் 1575-இல் அதில் தவறான போதனை எதுவும் இல்லை என்று சான்றளித்தார். எனினும் எல்லார் கையிலும் கொடுக்கத் தக்கதன்று என்றும் எழுதினார். உயிருடன் இருந்தவரை தெரேசா அந்த ஏட்டைத் திரும்பப் பெறவில்லை. இனிமைமிகு பாடல் நூலைப் பற்றி அவர் எழுதிய சிந்தனைகளை, பெண் ஒருத்தி அந்த நூலுக்கு விளக்கம் எழுதுவதா என்று கருதிய ஆன்மகுரு ஒருவர் எரிக்கச் சொன்னார். அவர் மறுபேச்சின்றி நெருப்பிலிட்டார். மற்ற மடங்களில் கன்னியர் எடுத்து வைத்திருந்த படிகள் தப்பின; 1611-இல் பிரசல்ஸ் நகரில் அவை அச்சேறின.

‘நிறைவின் வழி’ என்னும் நூலுக்கு நேர்ந்தது இதனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது. அந்நூலை அவர் இருமுறை தம் கையால் எழுதினார். முதல் படியில் பெண்களுக்காக ஆண்டவரிடமே முறையிடும் ஒரு பகுதி வருகிறது. ஆண்டவர் இவ்வுலகில் நடமாடிய நாளில் பெண்களை வெறுக்கவில்லை, பரிவுடன் நடத்தினார், ஆண்களிடம் கண்ட அளவு அன்பையும் அதனினும் மிகுந்த விசுவாசத்தையும் அவர்களிடம் கண்டார் என்று நினைவூட்டுகிறார். உலகின் நீதிபதிகளெல்லாம் ஆதாமின் மைந்தர்கள், அனைவரும் ஆண்கள், பெண்ணிடம் காணும் எந்த நற்பண்பையும் ஐயத்துடனே நோக்குபவர்கள் என்றும், ஆண்டவர் அத்தகைய நீதிபதி அல்லர் என்றும் தொடர்கிறார். நூலைப் பார்வையிட்ட குரு அப்பகுதியின்மேல் மையால் அழுத்தமாகக் கோடுகள் இழுத்து அடித்துவிட்டார். இரண்டாம் படியில் தெரேசா அதனை எழுதவில்லை. எஸ்கோரியால் நூலகத்தில் காக்கப்படும் முதல் படியில், அடித்த கோடுகளுக்குக் கீழிருந்த சொற்களை அறிஞர் பெருமுயற்சியுடன் படித்தெடுத்து இக்காலப் பதிப்புகளில் சேர்த்திருக்கின்றனர்.

தம்மை ‘அறிவற்ற ஏழைப் பெண்’ என்று பக்கத்துக்குப் பக்கம் அவர் சொல்லிக்கொள்வதைப் படிக்கும்போது இதனை மறந்துவிடலாகாது. அது மெய்யான தாழ்ச்சி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அது கேடயமாகவும் பயன்பட்டது. ‘நான் கற்பிக்கவில்லை, கீழ்ப்படிந்து எழுதுகிறேன், அறியாமையால் பிழை நேர்ந்தால் கற்றோர் திருத்துக’ என்ற முறையில் பேசுபவரை, பவுலடியாரின் விதியை மீறியவர் என்று எளிதில் பிடிக்க முடியாதன்றோ!

பிடிக்க முயன்றவரும் உண்டு. 1577-இல் திருத்தந்தையின் தூதராக ஸ்பெயின் நாட்டுக்கு வந்த ஆயர் பிலிப்போ சேகா, கார்மேல் சபையின் சீர்திருத்தத்தை விரும்பாதோர் சொன்னவற்றை நம்பி வந்தவர். தெரேசாவை அவர் வருணித்த சொற்கள் அச்சபையின் வரலாற்றில் பதிந்துள்ளன. ஓரிடத்தில் இருக்க மாட்டாத, ஊர் சுற்றுகிற, கீழ்ப்படியாத, பிடிவாதமுள்ள பெண். பக்தி என்ற பெயரில் தீய போதனைகளைப் புனைகிறவர். திரிதெந்து பொதுச்சங்கத்தின் ஆணையை மீறி மடத்தை விட்டு வெளியே செல்கிறவர். பெண்கள் கற்பிக்கலாகாது என்ற பவுலடியாரின் விதிக்கு மாறாக ஆசிரியர்போலக் கற்பிக்கிறவர். இத்தனை குற்றங்களும் ஒரே மூச்சில்! திரிதெந்து சங்கம் 1563-இல் கன்னியர் மடங்களின் அடைப்பு விதியைப் புதுப்பித்திருந்தது உண்மை. தெரேசாவின் பயணங்கள் தலைவர்களின் அனுமதியுடன், பல வேளைகளில் அவர்களின் கட்டளையின்பேரிலேயே நடந்தன என்பதும் உண்மை.

இந்தப் பழியைத் தூதர் சொல்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே தெரேசா தம் உள்ளத்தில் எதிர்கொண்டிருந்தார். பெண்கள் வீட்டினுள் அடங்கியிருக்க வேண்டும் என்று பவுலடியார் சொன்னதைப் பலர் அவரிடம் எடுத்துக்காட்டினர். ஒருவேளை அதுவே இறைவனின் திருவுளமோ என்று அவர் கலங்கியபோது, மறைநூலின் ஒரு பகுதியை மட்டும் பார்க்க வேண்டாம், மற்றப் பகுதிகளையும் பார்க்கும்படி அவர்களுக்குச் சொல். என் கைகளைக் கட்ட அவர்களால் முடியுமா என்ற பொருள்பட ஆண்டவர் தமக்கு மொழிந்ததாக எழுதி வைத்திருக்கிறார். மறைநூலை முழுமையாகக் கொள்ள வேண்டும் என்பது திருச்சபையின் பழைய நெறியே. இலத்தீன் அறியாத ஒரு பெண் அதனைப் பெரிய இறையியலாருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

மன்னர் இரண்டாம் பிலிப்பு தலையிட்டதால் நிலைமை மாறிற்று. 1580-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் சீர்திருத்த மடங்களைத் தனி மாநிலமாக ஏற்றார். 1582 அக்டோபர் 4 இரவில், தாம் திருச்சபையின் மகள் என்று சொல்லிக்கொண்டே அல்பா தெ தோர்மெஸ் என்னும் ஊரில் தெரேசா உயிர் நீத்தார். நாட்காட்டி திருத்தப்பட்டதால் மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அவருடைய திருநாளை நாம் அன்று கொண்டாடும் காரணம் அதுவே.

அவருடைய நூல்களை 1588-இல் சலமாங்காவில் அச்சிட்டு உலகுக்கு அளித்தவர் அகுஸ்தினார் சபைத் துறவி லூயிஸ் தெ லெயோன். இவரைப் பற்றிச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இனிமைமிகு பாடலைத் தாய்மொழியில் பெயர்த்தது முதலிய குற்றங்களுக்காக ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் விசாரணை மன்றத்தின் சிறையில் வாடியவர் அவர். விடுதலையான பின் 1583-இல் ‘நிறைவான மனைவி’ என்ற நூலை வெளியிட்டார். மணமான பெண்ணின் கடமைகளைக் கூறும் அந்நூல் நெடுங்காலம் கத்தோலிக்கக் குடும்பங்களில் மணமகளுக்குப் பரிசாக வழங்கப்பட்டு வந்தது. இயற்கை பெண்ணை வீட்டுக்குள் இருக்கவே படைத்தது. ஆகவே அவள் வாயையும் அடக்கியிருக்க வேண்டும் என்பது அதில் அவர் போதிக்கும் பாடங்களுள் ஒன்று. அடுத்த ஐந்தே ஆண்டுகளில் அதே கை ஒரு பெண்ணின் போதனைகளை அச்சுக்குத் தயார் செய்கிறது! முன்னுரையில் அவர் இம்முரண்பாட்டை மறைக்கவில்லை. பவுலடியார் எழுதியபடி கற்பிப்பது பெண்களுக்கு உரியதன்று, கற்பிக்கப்படுவதே உரியது என்று ஒப்புக்கொள்கிறார். அப்படியிருக்க, வலுவற்ற ஒரு பெண் இவ்வளவு துணிவும் ஞானமும் கொண்டு இத்தனை பேரை நல்வழிப்படுத்தியது கடவுள் செய்த புதுமை என்று முடிக்கிறார். விதியை அவர் தொடவில்லை. தெரேசாவை அதற்கு விலக்காக்கினார். தெரேசாவை அவர் உயிருடன் ஒருநாளும் கண்டதில்லை. அவருடைய எழுத்திலும் அவர் விட்டுச்சென்ற கன்னியரிடத்திலுமே அவரைக் கண்டதாகச் சொல்கிறார்.

தெரேசாவைப் போற்றிய மற்றோரும் ஏறத்தாழ இதே வழியில்தான் சென்றனர். சாமிநாதர் சபையின் மாநிலத் தலைவர் சலினாஸ் முதலில் அவரை ஐயத்துடன் நோக்கியவர். நெருங்கிப் பழகிய பிறகு அவர் பாஞேசிடம், இவர் பெண் என்று சொல்லி என்னை ஏமாற்றிவிட்டீர், இவர் தாடி வைத்த ஆண்மகன் அல்லவா என்ற கருத்தில் பேசியதாகச் சான்று உள்ளது. பாராட்டுத்தான்! ஆனால் பெண்ணிடம் ஞானம் கண்டால் அவளை ஆணாக்கிவிட்டே ஏற்கும் பாராட்டு. 1622 மார்ச் 12 அன்று தெரேசாவுக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அதே நாளில் அப்பட்டம் பெற்றோருள் இஞ்ஞாசியாரும், நம் முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்த சவேரியாரும் உண்டு. 1627-இல் திருத்தந்தை எட்டாம் உர்பான், சந்தியாகப்பருடன் தெரேசாவையும் ஸ்பெயினின் பாதுகாவலராக ஏற்க இசைந்தார். எதிர்ப்பு கிளம்பியது. கவிஞர் கெவேதோ சந்தியாகப்பரின் தனியுரிமைக்காக எழுதினார். வாளேந்திய திருத்தூதர் காத்த நாட்டை ஒரு பெண்ணின் பொறுப்பில் விடுவதா என்ற மனக்குறை அந்த வழக்கின் அடியில் ஓடிற்று. 1630-இல் அச்சலுகை திரும்பப் பெறப்பட்டது.

பேதுரு பெருங்கோவிலில் 18-ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட அவருடைய சிலையின் கீழ், ஞான வாழ்வினரின் தாய் என்ற பொருளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. தாய் என்று அழைப்பதில் யாருக்கும் தடையில்லை. ‘மறைவல்லுநர்’ என்னும் பட்டம் வேறு. அதற்கு வாழ்வில் தூய்மையும் போதனையில் சிறப்பும் திருச்சபையின் அறிவிப்பும் வேண்டும். 1567-இல் மெதீனா தெல் காம்போ நகரில், புதிதாகக் குருப்பட்டம் பெற்ற 25 வயது இளைஞர் ஒருவரைத் தெரேசா சந்தித்துத் தம் சீர்திருத்தப் பணியில் சேர்த்துக்கொண்டார். அவருக்கு அப்போது 52 வயது. அந்த இளைஞர் சிலுவை அருளப்பர். 1926-இல் அருளப்பர் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்டார். சலமாங்காப் பல்கலைக்கழகம் 1922-இலேயே தெரேசாவுக்கு முனைவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்திருந்தது. அதன் அடுத்த ஆண்டு, மறைவல்லுநர் பட்டத்துக்கான விண்ணப்பம் உரோமைக்குச் சென்றபோது, பாலே தடையாக நிற்கிறது என்று இரண்டே இலத்தீன் சொற்களில் விடை வந்ததாகச் சொல்லப்படுகிறது. அவருடைய போதனையில் குறை காணப்படவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1921 கோடையில் ஜெர்மனி நாட்டில் நண்பர் வீட்டில் தங்கியிருந்த எடித் ஸ்டைன் என்னும் யூத மெய்யியல் அறிஞர், புத்தக அலமாரியிலிருந்து தற்செயலாகத் தெரேசாவின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தார். விடியும்வரை படித்தார். 1922 ஜனவரி முதல் நாளில் திருமுழுக்குப் பெற்றார். பிற்காலத்தில் கார்மேல் கன்னியராகி ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் 1942-இல் உயிர் துறந்த இவரை 1998-இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. பட்டம் இருக்கட்டும், தெரேசா கற்பித்துக்கொண்டேதான் இருந்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1970 செப்டம்பர் 27 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் தெரேசாவை மறைவல்லுநராக அறிவித்தார். அதுவரை முப்பது மறைவல்லுநர், முப்பதின்மரும் ஆண்கள். ஒரு வாரம் கழித்து, தெரேசா இறந்த நாளான அக்டோபர் 4 அன்று, சியன்னா நகர கத்தரீனம்மாளும் அப்பட்டம் பெற்றார். செப்டம்பர் 27-ஆம் நாள் மறையுரையில் தம் பெயருக்குரிய திருத்தூதரின் கட்டளையைத் திருத்தந்தை ஒதுக்கிச் செல்லவில்லை. நாம் இன்று செய்வது பவுலடியாரின் விதியை மீறுவதாகுமா என்று தாமே வினவினார். இப்பட்டம் திருச்சபையின் ஆட்சிப் பொறுப்பையோ குருத்துவப் பணியையோ வழங்குவதன்று. ஆகவே விதி மீறப்படவில்லை என்று விடையும் தந்தார். திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொரு பெண்ணும் பொதுக் குருத்துவத்தில் பங்கு பெற்றவர் என்றும், விசுவாசத்தை அறிக்கையிடும் கடமை அவருக்கு உண்டென்றும் சேர்த்துச் சொன்னார்.

அவ்விடையின் எல்லையை நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்ற போதனையை 1994-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உறுதிப்படுத்தினார். அது அப்படியே இருக்கிறது. எனினும் அக்குவினா தோமையார் இட்ட கோட்டை 1970-ஆம் ஆண்டின் அறிவிப்பு கடந்துவிட்டது என்றே நாம் கருதுகிறோம். தனிப்பட்ட உரையாடலுக்கு என்று அவர் ஒதுக்கியதை, சபை முழுவதற்குமான போதனை என்று திருச்சபையே ஏற்றுக்கொண்டது. லூயிஸ் தெ லெயோன் காட்டிய விலக்கும் இனித் தேவைப்படவில்லை. 1997-இல் குழந்தை தெரேசம்மாளும், 2012-இல் பிங்கன் நகர ஹில்டகார்டும் மறைவல்லுநராயினர். நால்வரை விலக்கு என்று எப்படிச் சொல்வது?

சட்டம் மெல்லவே பின்தொடர்ந்தது. கோவிலில் ஆண்களும் பெண்களும் பிரிந்திருப்பது விரும்பத்தக்கது, பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு கூறிற்று. 1983-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அவ்விதிகள் இல்லை. நம் ஊர்க் கோவில்கள் பலவற்றில் வலப்பக்கம் இடப்பக்கம் என்ற பிரிவும் முக்காடும் அதன் பின்னும் தொடர்ந்தன. அவை சட்டத்துக்கு முன்பே நம் மண்ணின் வழக்கமாகவும் இருந்தன. வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளை முறைப்படி ஏற்பது 1972-இல் ஆண்களுக்கு மட்டும் உரியதென ஆக்கப்பட்டது. 2021 ஜனவரி 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அச்சட்டத்தைத் திருத்தினார். 230-ஆம் விதியில் ‘ஆண் பொதுநிலையினர்’ என்றிருந்த இடத்தில் ‘ஆண்’ என்ற சொல் எடுக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் மறைக்கல்வியாளர் பணியை ஆண் பெண் இருபாலார்க்கும் உரிய திருப்பணியாக அவர் நிறுவினார். 2023 அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் வாக்களித்தனர்.

ஆணைகள் உரோமையிலிருந்து வரும் முன்பே நம் பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளைப் பெரும்பாலும் அருள்சகோதரியரும் தாய்மாரும் இளம்பெண்களுமே நடத்தி வந்திருக்கின்றனர். நம்மில் பலர் சிலுவை அடையாளம் வரையவும் அருள்நிறை மந்திரம் சொல்லவும் கற்றது அவர்களிடம்தான். சபையில் பெண்கள் பேசலாகாது என்று பங்குப் பேரவையில் எடுத்து வைக்கும் பெரியவரும் தம் முதல் செபத்தைத் தாயின் மடியிலிருந்தே சொல்லியிருப்பார்.